கல்வராயன் மலைக்குக் கிளம்புறீங்களா? மாத்திரைக்கு முன்னாடி இந்த பாக்கெட்டை எடுத்து வைங்க!

கள்ளக்குறிச்சியில் காலை டிபன், பெரியார் அருவியில் குளியல், மதியம் வெள்ளிமலை. இதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை பிளான். ஆனால், அருவிக்குப் போய்ச் சேர்வதற்குள் அக்கா மகனுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒரு மணி நேரத்தில் மூன்று முறை!

வண்டியைத் திருப்பி, கண்ணில்பட்ட மெடிக்கலில் நிறுத்தினோம். "உடனே நிக்கிற மாதிரி ஒரு மாத்திரை கொடுங்கண்ணே" என்று கேட்டது நான்தான். மாத்திரையோடு ஒரு ஜூஸ் டெட்ரா பேக்கும் வந்தது. அங்கன்வாடியில் வேலை பார்க்கும் சித்தி இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பத்து வயசுப் புள்ளைக்கு இந்த மாத்திரை ஆகாதுடி. ஓ.ஆர்.எஸ் பவுடர் வாங்கு" என்றார்.

சித்தி சொன்னதுதான் சரி. வயிற்றுப்போக்கில் ஆபத்தே, உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதுதான். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார். 30 சதவிகிதம் வரை இருந்த இறப்பு, 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்த பிறகு, 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

எப்படிக் கலக்குவது?

பெரிய பாக்கெட் என்றால் 1 லிட்டர், சின்னது என்றால் 200 மி.லி தண்ணீர். அளவு பாக்கெட்டிலேயே இருக்கும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரோ, சீல் உடைக்காத பாட்டில் தண்ணீரோதான் வேண்டும். ஓடைத் தண்ணீர் வேண்டாம். கலக்கியதை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறை போன பிறகும், 2 வயதுக்குக் கீழ் 50-100 மி.லி, 2 முதல் 10 வயது வரை 100-200 மி.லி, பெரியவர்கள் குடிக்க முடிந்த அளவு. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால், 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஜூஸ் ஏன் கூடாது?

அதிகச் சர்க்கரை, குடலுக்குள் இன்னும் நீரை இழுத்து, போக்கை அதிகமாக்கும். ஹைதராபாத் குழந்தைகள்நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவன ஃபார்முலாவில் இல்லாத பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்' என்ற பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உத்தரவிட்டது. வாங்கும்போது லேபிளைப் பாருங்கள்.

அப்போ மாத்திரை?

லோபெரமைடு குடலின் அசைவைக் குறைக்கும், அவ்வளவுதான். கிருமியைக் கொல்லாது. நீண்ட பஸ் பயணத்தில் பெரியவர்களுக்கு உதவலாம். காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ இருந்தால் தொடக் கூடாது. குழந்தைகளுக்கு நாமாகக் கொடுக்கவே கூடாது. டாக்டர் சொல்லாமல் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ்ஸோடு துத்தநாக மாத்திரையும் 14 நாள்கள் தருவது வழக்கம். அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

ரத்தம், கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது, கண் குழிவிழுவது, குழந்தை துவண்டுபோவது... இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலைப்பாதையில் இறங்க நேரமாகும். 108-ஐ முன்கூட்டியே அழையுங்கள்.

அன்று சாயங்காலமே அக்கா மகன் இட்லி கேட்டான். வெள்ளிமலைதான் பாக்கி. அடுத்த ட்ரிப்புக்கு என் பையில் நான்கு பாக்கெட் ரெடி. உங்கள் பையில்?