தேதியைத் திருப்பிப் போடுங்கள்... தலைவலி குறையும்!

ஆண்ட்ராய்டு போனில் சேமிக்கப்பட்ட வாட்ஸ்அப் போட்டோ ஒன்றின் பெயரைப் பாருங்கள். நடுவில் 20240708 என்பதுபோல எட்டு இலக்கங்கள் இருக்கும். வருடம், மாதம், நாள். அதாவது, 2024 ஜூலை 8.

நாம் 8-7-2024 என்றுதானே எழுதுவோம்? ஆனால், கம்ப்யூட்டர் ஃபைல் பெயர்களை இடமிருந்து வலமாக ஒப்பிட்டுத்தான் அடுக்கும். நாள் முதலில் வந்தால் எல்லா மாதத்தின் 1-ம் தேதியும் ஒரே இடத்தில் குவிந்துவிடும். வருடம் முதலில் வந்தால், பெயர் வரிசையே தேதி வரிசை! 1988-ல் வெளியான ஐ.எஸ்.ஓ 8601 என்ற சர்வதேசத் தரமும் இப்படித்தான் எழுதச் சொல்கிறது.

தினமும் ஃபைல் வரும் இடங்களில் இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். தேசியப் பங்குச் சந்தை, வர்த்தகம் நடக்கும் ஒவ்வொரு நாளும் 'பவ்காப்பி' என்ற விலைப்பட்டியல் ஃபைலை வெளியிடுகிறது. 'இன்றைய தேதி உள்ள ஃபைலைத் தேடி எடு, டேட்டாபேஸில் ஏற்று' என்று சின்ன புரோகிராம் எழுதி வைத்திருப்பவர்கள் உண்டு. முன்பு அந்தப் பெயரில் நாள்தான் முதலில் இருந்தது. 2024 ஜூலை 8 முதல் பெயரும் வடிவமும் மாறி, வருடம் முன்னால் வந்தது. பழைய பெயரையே தேடும் புரோகிராமுக்கு ஃபைல் கிடைக்காது.

ஃபைல் இல்லை என்று புரோகிராம் சொல்லிவிட்டால் பிரச்னை இல்லை. சத்தமில்லாமல் நேற்றைய ஃபைலையே மறுபடி ஏற்றினால்தான் ஆபத்து. பழைய விலையை நம்பி விற்றால், நஷ்டம் நம் பாக்கெட்டுக்குத்தான்.

தப்பிக்க நான்கு வழிகள்:

* பெயரில் உள்ள தேதியும் ஃபைலுக்குள் இருக்கும் தேதியும் ஒன்றுதானா என்று சரிபார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

* ஏற்றிய ஃபைல்களைத் தனி அட்டவணையில் குறித்துவைத்தால், ஒரே ஃபைல் இரண்டு முறை ஏறாது.

* 'இன்று' மட்டும் தேடினால், கரன்ட் போன நாளின் ஃபைல் விடுபடும். கடைசியாக ஏற்றிய தேதிக்கு மறுநாளிலிருந்து தேட வேண்டும்.

* விடுமுறைப் பட்டியலைக் கொடுத்துவிட்டு, மற்ற நாள்களில் ஃபைல் வராவிட்டால் மெசேஜ் அனுப்பச் செய்யலாம்.

புரோகிராம் எல்லாம் தெரியாதா? கவலை வேண்டாம். கரன்ட் பில், ஸ்கூல் ஃபீஸ் ரசீதை ஸ்கேன் செய்தால், '2024-07-08 கரன்ட் பில்' என்று பெயர் வையுங்கள். மாதம் 7 அல்ல, 07. அந்தப் பூஜ்யம் இல்லாவிட்டால், பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அடுக்கும் இடங்களில் 10-ம் மாதம் 7-ம் மாதத்துக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும்!