ஐந்து நிமிடப் படத்துக்கு ஊரே பொறுப்பு

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் புகைப்படங்களில் மட்டுமே பார்த்து, வியந்து எழுதிய செப்புத் திருமேனி அது. திருவாலங்காடு வேறெங்கோ இல்லை. அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் அரக்கோணம் லைனில்தான் இருக்கிறது. ஆனாலும் நம் பிள்ளைகள் அந்தக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “அடுத்து எங்கே?” என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நூற்றாண்டையும் ஊர்ப்பெயரையும் மட்டும் படித்தால் ஒரு சிலை பேசிவிடாது.

இதைச் செய்தது எப்படி என்று காட்டினால் பேசும். முதலில் மெழுகில் உருவம். அதன்மேல் வண்டல் மண் பூச்சு. காய்ந்தபின் சூடேற்ற, மெழுகு உருகி வடிந்துவிடும். காலியான இடத்தில் உலோகக் குழம்பு. ஆறியதும் மண்ணை உடைத்தால் உள்ளே சிலை; அப்புறம் உளி வேலை. அச்சு உடைந்துபோவதால் ஓர் அச்சுக்கு ஒரே திருமேனிதான். மூடிய அச்சுக்குள் கேமரா போக முடியாது. அனிமேஷன் போகும். குடும்பங்களுக்கான அனிமேஷன் குறும்படங்கள் அருங்காட்சியகத்துக்குத் தேவை என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

அம்பத்தூருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1960-களிலிருந்து நம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மோல்டும் டையும் லேத்தும்தான் சோறு போடுகின்றன. இதே மெழுகு வார்ப்பு முறை இன்றும் ‘இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்’ என்ற பெயரில் தொழிற்சாலைகளில் நடக்கிறது. டை காஸ்டிங் யூனிட்டில் ஷிப்ட் பார்க்கும் அப்பா, அந்தப் படம் ஓடும்போது பிள்ளையிடம், “காற்று வெளியேற வழி விடவில்லை என்றால் பீஸ் ரிஜெக்ட் ஆகிவிடும்” என்று சொல்வார். அருங்காட்சியகத்தில் எப்போதும் கேட்கிற இடத்தில் நிற்கும் குடும்பம், அன்றைக்கு விளக்குகிற இடத்துக்கு வந்துவிடும்.

“யூடியூபில் இல்லாத கார்ட்டூனா?” என்று கேட்கலாம். இருக்கிறது, ஏராளமாக. ஆனால் செல்போனில் பிள்ளை தனியாகப் பார்க்கிறது; பார்த்த பொருள் பக்கத்தில் இல்லை. அருங்காட்சியகத்துக்குள்ளேயே படம் காட்டுவது புதிதல்ல. ஜப்பானில் மிடாகா நகரில் 2001-இல் திறந்த கிப்லி அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய திரையரங்கு உண்டு. பொதுத் திரையரங்குகளில் பார்க்கக் கிடைக்காத அனிமேஷன் குறும்படங்களை அங்கே திரையிடுகிறார்கள். டிக்கெட்டிலேயே உண்மையான ஃபிலிம் துண்டு பதித்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் காட்சி தெரியும். நம் எழும்பூர் வளாகத்திலும் 1896-இல் கட்டிய மியூசியம் தியேட்டர் நிற்கிறது. இடம் இல்லை என்று சொல்ல முடியாது.

அனுபவம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பிலிம்ஸ் டிவிஷன் 1974-இல் தந்த ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’ ஏழு நிமிட அனிமேஷன். தூர்தர்ஷன் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒற்றுமை என்றால் என்னவென்று சொல்லிக் கொடுத்தது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் சிறார் திரைப்படங்கள் திரையிட்டு, பிறகு பிள்ளைகளைப் பேச வைக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைப் பள்ளிச் சுவருக்கு வெளியே, பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு நீட்டினால் போதும்.

யார் செய்வது? விநாடிக்கு 12 ஓவியம் என்று கணக்கிட்டாலும் ஐந்து நிமிடப் படத்துக்கு 3,600 ஓவியம் வேண்டும். ஒருவர் தலையில் கட்டும் வேலை அல்ல. அருங்காட்சியகம் பொருளையும் ஆய்வையும் தரட்டும். மாதம் ஒரு ஞாயிறு ஒதுக்கட்டும். நிறுவனச் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் பண்பாட்டுப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் உள்ளவையே. சட்டத்தின் வரம்புக்குள் வராத சிறு யூனிட்டுகள் ஒரு புரொஜெக்டரோ, ஒரு பழைய மோல்டோ, விளக்கிச் சொல்ல ஒரு மூத்த தொழிலாளியையோ அனுப்பலாம். மாநகராட்சி, அம்பத்தூர் மண்டலத்தில் ஒரு சமுதாய நலக்கூடத்தைத் திறந்துவிடலாம். எழும்பூர் வரை வர முடியாதவர்களுக்குப் படம் இங்கேயே வரும். பள்ளிகள் பிள்ளைகளுக்கு மட்டுமின்றிப் பெற்றோருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். பெற்றோர் பங்கு எளிது, ஆனால் மாற்று இல்லாதது: பிள்ளையை உட்கார வைத்துவிட்டு வெளியே போய் போன் பேசாமல், கூடவே உட்கார வேண்டும்.

படங்களில் வசனம் குறைவாக இருக்கட்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து எஸ்டேட்டைச் சுற்றி வாடகைக்கு இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் அதே வரிசையில் உட்கார்ந்து, அதே இடத்தில் சிரிக்க வேண்டும்.

மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும் ஊரில் கார்ட்டூன் தேவையா என்ற கோபம் நியாயமானது. கால்வாய் வேலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. கால்வாயைக் கேட்கும் அதே உரிமையோடு இதையும் கேட்கலாம் என்றுதான் சொல்கிறோம். அதற்குத்தான் வார்டு மக்கள் கூடித் தேவைகளைச் சொல்லும் பகுதி சபா இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் குடிநீர், தெருவிளக்குக்குப் பின்னால் இதையும் மனுவில் ஒரு வரியாகச் சேர்ப்போம். கேட்பவர்கள், அதே மனுவில் தாங்கள் என்ன தரப்போகிறோம் என்பதையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.