சுவாசக் குழாயில் ஒரு தையல்

1951ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், லண்டன் பக்கிங்காம் மாளிகையில் ஓர் அறை சத்திர சிகிச்சைக் கூடமாயிற்று. அந்நாளில் இலங்கைக்கும் மன்னராயிருந்த ஆறாம் ஜோர்ஜின் இடப்புற நுரையீரலைச் சத்திர வைத்தியர் கிளெமென்ற் பிறைஸ் தோமஸ் முழுவதுமாக அகற்றினார். நோயின் பெயரை மக்களுக்கு வெளியிட்டாரில்லை, அது புற்றுநோய். 1952 பெப்ரவரியில் மன்னர் காலமானார்.

இதே வைத்தியர்தாம், நுரையீரலை முற்றாக அகற்றாமற் காக்கும் வழியொன்றை 1947இலேயே கண்டவர். முழு நுரையீரலையும் எடுத்த பின்பும் மனிதன் வாழ்வான் என்பதை 1933இல் அமெரிக்க வைத்தியர் எவாட்ஸ் கிரகாம் காட்டியிருந்தார். ஆயின் எஞ்சிய ஒன்றைக் கொண்டு மூச்சுவிடும் வலிமை எல்லோர்க்கும் உண்டா?

வாதனாளி நெஞ்சினுள் தலைகீழாய் நிற்கும் மரம் போன்றது. அடிமரம் இரு கவராகி, பின் கிளைகளாகப் பிரிகின்றது. கிளை பிரியும் வாயிலிலே கட்டி பற்றிக்கொண்டால், அக்கிளைக்குரிய சோணையை மட்டும் எடுத்துப் பயனில்லை. கவரின் சுவரிலும் நோய் இருக்கும். எனவே சோணையோடு அக்கவரில் ஒரு வளையத்தையும் வெட்டியெடுத்து, நல்ல சோணையின் குழாயை மேலே எஞ்சிய குழாயுடன் பொருத்தித் தைக்கின்றனர். சட்டைக் கையில் ஒரு துண்டை நறுக்கி, மீதியை மீளத் தைப்பது போலாதலின் ஆங்கிலேயர் அதற்குச் சட்டைக்கையின் பெயரையே இட்டனர். பிறைஸ் தோமஸ் இதனை முதலிற் செய்தது விமானப்படைப் பயிலுநர் ஒருவருக்கு. அவருடையது கொடிய புற்றுநோயன்று. புற்றுநோய்க்கு இம்முறையை 1952இற் கையாண்டவர் பிலிப் அலிசன். தகுந்த நோயாளருக்கு முழு நுரையீரலை எடுப்பதிலும் இதுவே ஆபத்துக் குறைந்தது என்பது இன்று தெளிவு.

கவர் பிரியும் இடத்தையே நோய் பிடித்துவிட்டால் வேலை மிகக் கடினம். வெட்டுண்ட குழாய் வழியே மூச்சு எவ்வாறு செல்லும் என மாணவர் கேட்கலாம். திறந்த நெஞ்சினூடாக எஞ்சும் நுரையீரலின் குழாயினுள் வேறொரு சிறு குழலைச் செலுத்திக் காற்றூட்டுவர். தையலிடும்போது அதைச் சற்றே வெளியே எடுத்து, மீளச் செருகுவர்.

இச்சிகிச்சை எல்லோர்க்கும் உரியதன்று. நோய் தூர உறுப்புகளுக்குப் பரவியபின் கத்தியால் ஆவது சொற்பம். சிலருக்கு முதலில் மருந்தேற்றிக் கட்டியைச் சுருக்கிய பின்னரே கத்தியை எடுக்கின்றனர். புகைப்பதை விடாதவருக்கோ தையல் ஆறுவதே அரிது. நம்மூர்ச் சுருட்டும் இதற்கு விலக்கன்று.

வளர்ந்தவரின் வாதனாளி ஏறத்தாழ 11 சென்ரிமீற்றரே. அதில் நீண்ட துண்டொன்றை எடுத்தால் இருமுனைகளும் இழுபடும். ஆகவே நோயாளி தலையை நிமிர்த்தாதிருக்க, அவரது நாடியை நெஞ்சுத் தோலோடு நூலாற் பிணைத்துவிடுவதுமுண்டு. ஏறக்குறைய ஒரு வாரத்தின் பின் அந்நூலை வெட்டுவர்.