கண் முதலில், கமரா பிறகு

கடந்த தவணை விடுமுறையில் நுவரெலியா சென்று திரும்பியபோது எனது கைத்தொலைபேசியில் 300இற்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. பயணத்திற்கு வர முடியாமல் வீட்டிலிருந்த உம்மும்மா, வழியில் பார்த்த நீர்வீழ்ச்சி எப்படி இருந்தது என்று கேட்டார். நான் போனை நீட்டினேன். பார்வை மங்கிய அவர், "அது வேணாம், நீ சொல்லு மகள்" என்றார். எனக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

அன்சல் அடம்ஸ் என்ற அமெரிக்க இயற்கைப் புகைப்படக் கலைஞரைப் பற்றி வாசித்தபோதுதான் என் குறை என்னவென்று விளங்கியது. நான் படம் எடுத்திருந்தேன், பார்க்கவில்லை.

1902இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த அடம்ஸ் முதலில் பயின்றது பியானோ. 1916இல் பெற்றோருடன் கலிபோர்னியாவின் யொசெமிட்டி பள்ளத்தாக்கிற்குச் சென்றபோது ஒரு சிறிய கொடக் பெட்டிக் கமரா அவர் கைக்கு வந்தது. அதன் பின் அந்த மலைகளை அவர் வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

1927இல் 'ஹாஃப் டோம்' என்ற பாறை மலையைப் படமெடுக்கப் பாரமான கமராவைச் சுமந்து ஏறினார். இறுதியில் இரண்டே கண்ணாடித் தகடுகள் எஞ்சியிருந்தன. மஞ்சள் வடிகட்டியுடன் ஒன்றை எடுத்தார். ஆனால், அந்தப் பாறை தன் மனதில் ஏற்படுத்திய பிரமிப்பு அதில் வராது என்பதை உடனே உணர்ந்தார். கடைசித் தகட்டுக்குச் சிவப்பு வடிகட்டியைப் பொருத்தினார். சிவப்பு வடிகட்டி நீல ஒளியைத் தடுக்கும் என்பது பௌதிகவியல் படிப்பவர்களுக்குத் தெரியும். நீல வானம் கருமையாகப் பதிந்தது. பாறை கம்பீரமாக எழுந்து நின்றது. அவருக்குப் புகழ் தேடித் தந்த படங்களுள் அதுவும் ஒன்று.

படம் முதலில் மனதில் உருவாக வேண்டும் என்பதே அவர் கற்பித்த பாடம். கருமை முதல் வெண்மை வரை ஒளியை 11 படிகளாகப் பிரித்தறியும் முறையை பிரெட் ஆர்ச்சருடன் இணைந்து வகுத்தார். யொசெமிட்டியில் ஆண்டுதோறும் பயிற்சிப் பட்டறைகள் நடத்தினார். பியானோ பயின்றவர் அல்லவா? நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு, அச்சிட்ட படம் அதை வாசித்துக் காட்டுவது என்றும் விளக்கினார்.

"இப்போது படச்சுருளுக்குச் செலவில்லையே, நூறு எடுத்து நல்லதொன்றைத் தெரிவுசெய்தால் என்ன?" எனத் தோழிகள் கேட்கிறார்கள். தெரிவுசெய்வதில் தவறில்லை. ஆனால், எதைப் பார்த்தோம் என்றே தெரியாதவள் எதை வைத்துத் தெரிவுசெய்வாள்?

ஊன்றிப் பார்ப்பவருக்கு அந்த இடத்தின் மீது அக்கறையும் வந்துவிடுகிறது. கிங்ஸ் கென்யன் மலைப் பகுதியைக் காப்பாற்றக் கோரி 1936இல் அடம்ஸ் தன் படங்களுடன் வொஷிங்டன் சென்றார். 1938இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். 1940இல் அப்பகுதி தேசியப் பூங்காவானது. பலரது உழைப்பில் கிடைத்த அந்த வெற்றியில் அவரது படங்களுக்கும் பங்குண்டு. நாமோ நீர்வீழ்ச்சியைப் படமெடுத்துவிட்டு அதன் அடியிலேயே பிளாஸ்டிக் போத்தலைப் போட்டுவிட்டு வருகிறோம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். அடம்ஸுக்குப் பாடசாலை ஒத்துவரவில்லை. தந்தை அவரை வீட்டில் வைத்துப் படிப்பித்தார். 1915இல் நகரில் நடந்த உலகக் கண்காட்சியை நாளாந்தம் பார்த்து வர ஆண்டு நுழைவுச் சீட்டும் வாங்கிக் கொடுத்தார். எங்களைப் பாடசாலையிலிருந்து நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை! இரண்டு டியூஷன் வகுப்புகளுக்கு இடையில், ஒரு மரத்தை நின்று பார்க்கும் நேரத்தை மட்டும் வீண் என்று சொல்லாதீர்கள். வானத்தையும் மலைகளையும் பார்த்துச் சிந்திக்கும்படி அல்-குர்ஆனும் நம்மை அழைக்கின்றதல்லவா?

இன்ஷா அல்லாஹ், அடுத்த பயணத்தில் முதல் பத்து நிமிடம் என் போன் பைக்குள்தான் இருக்கும். உம்மும்மாவுக்கு நான் ஒரு நீர்வீழ்ச்சி கடன்பட்டிருக்கிறேன்.