திருப்பூரில் வீடு வாங்கப் போறீங்களா? சென்ட் விலை மட்டும் போதாது

திருப்பூரில் வீடு, இடம் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, ‘சென்ட் என்ன விலை?’ அவிநாசி, பல்லடம், காங்கேயம், ஊத்துக்குளி என எந்தப் பக்கம் போனாலும், நகரை விட்டுத் தள்ளிப் போகப் போக விலை குறையும். ஆனால், சென்ட் விலை குறைவு என்பதாலேயே அது லாபமான வீடு ஆகிவிடாது. பனியன் தொழிலை நம்பி இருக்கும் ஊரில், வேறு மூன்று கணக்குகளையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

1. தண்ணீர் எப்படி?

சாயக்கழிவு நொய்யலை மட்டும் கெடுக்கவில்லை, நிலத்தடி நீரையும் கெடுத்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு நீர் தேங்கியது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு, கழிவை வெளியேற்றாத சுத்திகரிப்பு முறையோடு ஆலைகள் மீண்டும் இயங்கின. பழைய பாதிப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. அதனால் ஒவ்வொரு இடத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

5 சென்ட் இடம் சென்ட்டுக்கு 50,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 2.5 லட்சம். அங்கே போர் தண்ணீர் உப்பாக இருந்து, லாரித் தண்ணிக்கும் கேனுக்கும் மாதம் 2,000 ரூபாய் போனால், 20 வருடத்தில் 4.8 லட்சம். மிச்சம் எங்கே?

பக்கத்து வீட்டு போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் குடிக்க ஏற்றது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு.

‘அத்திக்கடவு தண்ணி வந்துருச்சு’ என்று புரோக்கர் சொல்லலாம். 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கப்பட்ட அந்தத் திட்டம், 1,045 குளம் குட்டைகளை நிரப்பி நிலத்தடி நீரை உயர்த்துவதற்கானது. அது வீட்டுக் குழாய் இணைப்பு அல்ல. குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று அந்தத் தெருக்காரர்களிடமே கேளுங்கள்.

2. பேப்பர் சரியா?

2016-ல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப்பிரிவுகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. விலை ரொம்பக் குறைவாக இருந்தால், முதலில் கேட்க வேண்டியது டிடிசிபி அங்கீகார எண் அல்லது வரன்முறை உத்தரவு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவுக்கு ரெரா பதிவும் தேவை. வில்லங்கச் சான்று, பட்டா இரண்டையும் ஆன்லைனிலேயே பார்க்கலாம்.

பதிவுச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மனைக்கும் தனி வீட்டுக்கும் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 20 லட்சம் ரூபாய் மனைக்கு 1.8 லட்சம். பில்டரிடம் நேரடியாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு, 2023 டிசம்பர் முதல், 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4% மட்டுமே. பதிவுக் கட்டணத்தோடு மொத்தம் 6%.

3. ஆர்டர் குறைந்தால் இஎம்ஐ?

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா வரியை 50% ஆக்கியபோது, ஆர்டர்கள் நின்றன, தள்ளிப்போயின. மெர்ச்சண்டைசர், டெய்லர், கடைக்காரர், வாடகை வீட்டுக்காரர் எல்லோர் வருமானமும் அந்த ஆர்டரோடு கட்டப்பட்டது.

30 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம் என்றால் மாத இஎம்ஐ சுமார் 26,000. மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது 62 லட்சத்துக்கும் மேல். ஓவர்டைம், இன்சென்டிவ், போனஸைக் கழித்து, அடிப்படைச் சம்பளத்தை வைத்து இஎம்ஐ-யை முடிவு செய்வது பாதுகாப்பு. கணவன், மனைவி இருவருமே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தால், இரண்டு சம்பளமும் ஒரே நேரத்தில் குறைய வாய்ப்புண்டு. குறைந்தது ஆறு மாத இஎம்ஐ கையிருப்பில் இருக்கட்டும். அது சேரும் வரை அட்வான்ஸ் கொடுக்க அவசரப்பட வேண்டாம். தொழில் மந்தமான மாதங்களில் விற்பவர்களும் விலையில் இறங்கி வருவார்கள். அப்போது பேரம் பேசும் பலம், கையில் காசு வைத்திருப்பவருக்கே.