அந்த விரல் யாருடையது?

டோப் ஹூப்பர் இயக்கிய 'தி டெக்ஸாஸ் செயின் சா மாஸகர்' 1974இல் வெளியானது. சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2024 வெனிஸ் திரைப்பட விழாவில் அதைத் திரும்பிப் பார்க்கும் ஓர் ஆவணப்படம் வந்தது. அலெக்சாந்தர் பிலிப்பின் 'செயின் ரியாக்‌ஷன்ஸ்'. சினிமா பற்றிய சிறந்த ஆவணப்படம் என்று அங்கே விருதும் பெற்றது. பாட்டன் ஆஸ்வால்ட், தகாஷி மீகே, அலெக்சாண்ட்ரா ஹெல்லர்-நிக்கலஸ், ஸ்டீபன் கிங், கேரின் குசாமா ஆகிய ஐந்து பேர் ஆளுக்கோர் அத்தியாயம் பேசுகிறார்கள். ஐவரில் இருவர் பெண்கள். இருவரும் இந்தத் துறையை ஆழமாக அறிந்தவர்கள். என் சண்டை அவர்களோடு அல்ல, கேள்வியோடு. 'இந்தப் படம் பார்த்தவரை என்ன செய்தது?' என்று ஆவணப்படம் கேட்கிறது. 'நடித்தவளை என்ன செய்தது?' என்று நான் கேட்கிறேன்.

சாலி என்ற பாத்திரத்தில் நடித்தவர் மர்லின் பர்ன்ஸ். கொலைகாரக் குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில் அவரைக் கட்டிவைத்திருக்கும் காட்சியில், அவர் விரலைக் கீறித் தாத்தாவின் வாயில் வைப்பார்கள். கத்தியோடு பொருத்திய குழாயிலிருந்து போலி ரத்தம் வரவேண்டும். அது வரவில்லை. பலமுறை எடுத்துச் சலித்துப்போன நடிகர் கன்னர் ஹான்சன், கத்தி முனையில் சுற்றியிருந்த டேப்பை யாருக்கும் சொல்லாமல் எடுத்துவிட்டு, நிஜமாகவே அறுத்தார். மறைக்கப்பட்ட ரகசியம் அல்ல இது. அவரே வெளிப்படையாகச் சொன்னது. ரசிகர்கள் இதை ருசியான படப்பிடிப்புக் கதையாக இன்றுவரை சொல்லி மகிழ்கிறார்கள்: "தெரியுமா, அது நிஜ ரத்தம்!"

தெரியும். யாருடைய ரத்தம், யார் அனுமதித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்தக் காட்சி 1973ஆம் ஆண்டு டெக்ஸாஸ் கோடையில், ஜன்னல்களை மூடிவிட்டு, அழுகும் இறைச்சியின் நாற்றத்தில், ஒரு முழு நாளுக்கும் மேலாக இடைவிடாமல் படமாக்கப்பட்டது. ஏன் இடைவிடாமல்? தாத்தாவாக நடித்த ஜான் டுகன் இளைஞர். முதுமை ஒப்பனை போட நெடுநேரம் பிடித்தது. இன்னொரு முறை அதைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனவே அவர் வரும் காட்சிகளை ஒரே மூச்சில் எடுத்தார்கள். அவரைக் குறை சொல்லவில்லை. அது ஒரு தொழிலாளியின் நியாயமான மறுப்பு. ஆனால் கவனியுங்கள்: ஓர் ஆணின் 'முடியாது' படப்பிடிப்பின் கால அட்டவணையையே மாற்றியது. பர்ன்ஸின் விரலுக்கு 'முடியாது' என்று சொல்லும் வாய்ப்பே தரப்படவில்லை. கொக்கியில் தொங்கவிடப்பட்ட டெரி மக்மின்னின் எடையைத் தாங்கியது அவர் கால்களுக்கிடையே கொடுத்த நைலான் கயிறு. அந்த வலியும் நடிப்பாகவே கணக்கில் ஏறியது.

1988இல் இதே படத்தைத் திரும்பிப் பார்த்து 'எ ஃபேமிலி போர்ட்ரெயிட்' என்ற ஆவணப்படம் வந்தது. அதில் அமர்ந்து நினைவுகூர்ந்தவர்கள் கொலைகாரக் குடும்பமாக நடித்த நான்கு ஆண்கள். குடும்பப் படத்தில் அறுபட்டவளுக்கு இடம் ஏது! பின்னாளில் பர்ன்ஸும் பேட்டிகள் கொடுத்தார், ரசிகர் கூட்டங்களுக்கு வந்தார், படத்தைப் பற்றிப் பெருமையோடு பேசினார். "அவரே குறை சொல்லவில்லையே, உங்களுக்கு என்ன?" என்பார்கள். தான் செய்த வேலையைப் பற்றி ஒரு தொழிலாளி பெருமைப்படுவது, வேலை வாங்கியவர்களுக்கு அவர் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் ஆகாது. படம் கோடிக்கணக்கில் சம்பாதித்தபோது, பங்கு தருவதாகச் சொல்லப்பட்ட நடிகர்களுக்கு வந்ததோ சில்லறை. பர்ன்ஸ் 2014இல் இறந்தார்.

இந்தக் கணக்கில் நம் பக்கமும் ஒரு பாக்கி இருக்கிறது. கேரல் குளோவர் 1980களில் 'கடைசிப் பெண்' என்ற கருத்தை முன்வைத்தார்: எல்லாரும் சாக, பயங்கரத்தை நேருக்கு நேர் பார்த்துத் தப்பிப் பிழைப்பவள். சாலி அதற்கு முன்னோடி உதாரணம். மிகப் பயனுள்ள கருத்து. வகுப்பறைகளில் நாமும் அதைப் பிடித்துக்கொண்டோம். சாலி பிழைத்தாளா, அவளுக்குச் செயலாற்றல் இருந்ததா, பார்க்கும் ஆண் அவளோடு ஒன்றுகிறானா என்று பக்கம் பக்கமாக எழுதினோம். பாத்திரத்தின் உடலைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், அந்தப் பாத்திரத்துக்குத் தன் உடலைக் கூலிக்குக் கொடுத்த பெண்ணைப் பற்றி எவ்வளவு பேசினோம்?

இந்தப் படத்தைத் தடைசெய்யச் சொல்லவில்லை. பிரிட்டனில் கால் நூற்றாண்டு காலம் இதற்குச் சான்றிதழ் மறுத்துப் பார்த்தார்கள், 1999இல்தான் கொடுத்தார்கள். அந்தத் தணிக்கை எந்த நடிகையின் விரலுக்காகவும் நடந்ததல்ல. இது வலுவான படம் என்பதையும் மறுக்கவில்லை. அந்த வலுவில் ஒரு பகுதி பர்ன்ஸின் அலறல், அவர் ஓட்டம், முட்செடி கிழித்த அவர் தோல். அதை 'ஹூப்பரின் மேதைமை' என்ற ஒற்றைத் தலைப்பில் வரவு வைப்பதைத்தான் மறுக்கிறேன்.

கடைசிக் காட்சியில் ரத்தத்தில் நனைந்த சாலி வண்டியின் பின்புறத்தில் அமர்ந்து, சிரிப்பும் அலறலுமாகப் போய்க்கொண்டிருப்பாள். அதைப் பற்றி அடுத்த கட்டுரை எழுதப்போகும் மாணவிகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதல் பத்தியில் இயக்குநரின் பெயருக்குப் பக்கத்தில் மர்லின் பர்ன்ஸின் பெயரையும் எழுதுங்கள். இரண்டாம் பத்தியில் அந்த விரலைப் பற்றி எழுதுங்கள். கோட்பாடு மூன்றாம் பத்திக்குக் காத்திருக்கட்டும்.