ஏழைத் தாய்க்குப் பிள்ளை எதற்கு?

அமெரிக்கா என்றால் உலகத்திலேயே பெரிய பணக்கார தேசம் என்றும், அங்கு கூலிக்காரனும் மோட்டாரில் போகின்றான் என்றும் நம்மவர்கள் வியந்து பேசுவதுண்டு. மோட்டாரில் போவது மாத்திரமல்ல, போக்கிடமில்லாமல் மோட்டாரிலேயே குடியிருப்பவர்களும் அங்கு இருக்கின்றார்கள் என்பதை நாம் எடுத்துக்காட்ட ஆசைப்படுகின்றோம். 2024-ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்குப்படி அந்நாட்டில் வீடில்லாதவர்கள் 7,71,480 பேர்.

இப்படி வண்டிக்குள் முடங்கிக் கிடக்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். வாடகை கட்ட முடியாமல் வீடு போயிற்று. வீடு போனதும், "பிள்ளைகள் இருக்கத் தகுந்த இடமில்லை" என்று அதிகாரிகள் பிள்ளைகளைப் பிரித்து, வளர்ப்பதற்கென்று அன்னியர் வீட்டில் ஒப்படைத்து விடுகின்றார்கள். 2023-செப்டம்பர் முடிவில் இவ்விதம் சர்க்கார் பொறுப்பில் இருந்த பிள்ளைகள் சுமார் 3,43,000. இவர்களில் பெரும்பாலோரைப் பிரித்ததற்குச் சொல்லப்படும் காரணம் அடித்தார்கள் என்பதல்ல. "சரியாய்க் கவனிக்கவில்லை" என்பதேயாகும். பிள்ளையை வதைப்பவனிடமிருந்து பிள்ளையைக் காப்பது சர்க்காரின் கடமைதான். அதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. ஆனால் கவனியாமை வேறு, காசில்லாமை வேறு அல்லவா?

நிற்க, பிள்ளைகளைத் திரும்பக் கேட்டால், "முதலில் வீடு பார்த்துக் கொண்டு வா" என்கின்றது கோர்ட்டு. வீட்டுக்கு உதவி கேட்டால், "பிள்ளைகள்தான் உன்னிடம் இல்லையே, குடும்பத்துக்குரிய உதவி உனக்கு எதற்கு?" என்கின்றது மற்றொரு ஆபீஸ். இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்கென்றே 1990-ல் வாடகைச் சீட்டுத் திட்டம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது வாஸ்தவம். ஆனால் அச்சீட்டுகள் தேவைக்கு மிகக் குறைவு. பொதுவாகவே அந்நாட்டில் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள நாலு குடும்பங்களில் சுமார் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கின்றது.

இதற்கிடையில் கெடுவும் ஓடுகின்றது. 1997-ம் வருஷச் சட்டப்படி, 22 மாதத்தில் 15 மாதம் பிள்ளை வெளியில் வளர்ந்தால், சில விலக்குகள் தவிர, தாயின் உரிமையையே ரத்து செய்யும்படி மாகாண சர்க்கார் கோர்ட்டில் மனுச் செய்ய வேண்டும். அதாவது, வாடகைக்குப் பணம் சேரத் தாமதமானால் தாய் தாயல்ல என்பது தீர்ப்பு!

பணமில்லையா என்றால், இருக்கின்றது. பிள்ளையை வைத்து வளர்க்கும் அன்னியருக்கு மாதாமாதம் சர்க்கார் பணம் கொடுக்கின்றது. அதே பணத்தைத் தாயின் வாடகைக்குக் கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போகும்? கொடுக்காதது மாத்திரமல்ல, 1984-ம் வருஷச் சட்டத்தைக் காட்டி, பிள்ளையை வளர்த்த செலவை அந்த ஏழைத் தாயிடமே பல மாகாணங்கள் வசூலித்தன. 2022-ல் மத்திய சர்க்காரே இதைக் குறைத்துக் கொள்ளும்படி எழுத வேண்டியதாயிற்று.

வறுமை ஒன்றை மாத்திரம் காரணமாகக் கொண்டு குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது என்று, 1909-லேயே தியோடர் ரூஸ்வெல்ட் கூட்டிய மகாநாடு முடிவு செய்தது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அது காகிதத்தில்தான் இருக்கின்றது.

"அவள் விதி அப்படி" என்று சிலர் சொல்லக்கூடும். பதினைந்து மாதக் கெடுவை எழுதியது விதியா? வாடகையை உயர்த்தியது விதியா? எல்லாம் மனிதன் செய்த ஏற்பாடுகளே. மனிதன் செய்ததை மனிதன் மாற்ற முடியாதா என்று கேட்கின்றோம்.

ஆகவே, வீடில்லை என்று பிள்ளையைப் பிடுங்குவதற்கு முன், வீட்டைக் கொடுத்துப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் அவள் பிள்ளையைக் கவனிக்காவிட்டால் அப்பொழுது விசாரிக்கட்டும். அதுவரையில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது, வண்டியில் தூங்கும் தாயல்ல. அவளை அங்கே தூங்க வைத்த ஏற்பாடேயாகும்.